ஐந்து ஐம்பத்தைந்து

மாலை ஆறு மணிக்குள் உடன்பாடு எட்டவில்லை என்றால் மாநாடு தோற்றதாகிவிடும். அதனால் ஆறு அடிக்காமலிருக்க, வழக்கம்போல் கூடத்துக் கடிகாரத்தை நிறுத்தச் சொன்னார்கள். ஊழியர் தவசி ஏணியில் ஏறி பேட்டரியைக் கழற்றினார். மூன்று நாளாக அங்கே மணி ஐந்து ஐம்பத்தைந்துதான். கடல் எவ்வளவு உயரலாம் என்று நாடுகள் வாதாடிக்கொண்டிருந்தன. கடைசியில் ஒருவழியாகக் கைதட்டல் எழுந்தது.

"தவசி, பேட்டரியப் போடுங்க. ஆறு அடிச்சு மாநாட்ட முடிச்சாத்தான் ஒப்பந்தம் செல்லும்," என்றார் தலைவர்.

தவசி ஏறினார். தீவு நாட்டுப் பிரதிநிதி மரியநாயகி ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாதீங்கண்ணே. அம்மா இப்பதான் போன் பண்ணுனாங்க. எங்க வாசப்படிக்கு வந்த அலை மூணு நாளா அப்படியே எழும்பி நிக்குதாம்."

கைதட்டல் ஓயவில்லை. தலைவர் மறுபடி கூப்பிட்டார். தவசியின் உள்ளங்கையில் பேட்டரி வியர்த்திருந்தது.