சிவப்பு ஸ்வெட்டர்

"கடலையே எத்தினி நாளைக்குப் பாக்கறது அத்தை? மே மாசம் எல்லாரும் மூணு நாள் ஊட்டிக்குப் போவலாம்."

தை மாதம் கல்யாணமாகி வந்த கமலவேணிதான் பேச்சை ஆரம்பித்தாள். அன்றே தனக்கென்று சிவப்பில் ஒரு ஸ்வெட்டரும் பின்ன உட்கார்ந்துவிட்டாள்.

நெல்லித்தோப்பில் ஒரே அறை வீடு. மாமியார் அஞ்சலாட்சி, மாமனார், மூன்று நாத்தனார்கள் எல்லோரும் படுத்துவிட்டால் கால் வைக்க இடமிருக்காது. அந்த வீட்டில் மே வரைக்கும் ஊட்டிதான் பேச்சு.

புறப்படுவதற்கு முதல் நாள் மகன் பலராமன் மில்லிலிருந்து வந்து சொன்னான்.

"எனக்கு லீவு இல்லன்னுட்டாங்கம்மா. நீங்கல்லாம் போயிட்டு வாங்க."

"உனக்கு யாருடா ஆக்கிப் போடுவா?"

"நான் இருந்துக்கறேன் அத்தை," என்றாள் கமலவேணி, தலையைக் குனிந்துகொண்டு. "இந்த ஸ்வெட்டர நீங்க போட்டுக்குங்க."

வழியெல்லாம் அஞ்சலாட்சிக்கு மனசு ஆறவில்லை.

"எவ்ளோ ஆசையா இருந்தா! பாவம், அந்தப் பொண்ணு" என்று கணவர் ஆதிமூலத்திடம் புலம்பிக்கொண்டே வந்தாள்.

பஸ் மலையேற ஏறக் குளிர் பிடித்தது. ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தோளில் இறுக்கவில்லை. வயிற்றின் மேல் பட்டன்களைத் தாராளமாகப் பூட்ட முடிந்தது. அவளுக்கே அளவெடுத்துப் பின்னியது போல இருந்தது.

கமலவேணியோ முருங்கைக்காய் மாதிரி இருப்பாள். அவளைப்போல இரண்டு பேர் இதற்குள் நுழையலாம்.

அஞ்சலாட்சி கொஞ்ச நேரம் பட்டனையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னாடி?" என்றார் ஆதிமூலம்.

"ஒண்ணுமில்ல. மூணு நாள் அதுங்களுக்கு எப்படிப் பத்தும், பாவம்! ஒரு வாரம் இருந்துட்டே போவலாம்."