செத்தவன் செய்துகொண்ட சவரம்

"செத்துப்போனவன் அடுத்த பக்கத்துல எப்படிக்கா சவரம் பண்ணிக்குவான்?"

அச்சகத்துக்குள் அக்கா கால் வைத்ததுதான் தாமதம், வெடுக் ஆரம்பித்துவிட்டாள். 'வாங்க' இல்லை, 'உட்காருங்க' இல்லை. வெடுக்கென்று பேசுவதால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. பள்ளிக்கூடத்தை அவள் பாதியில் விட்டதும் ஏறக்குறைய அந்த வாயால்தான்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. 'இறங்காத லிஃப்ட்' என்ற படக்கதையைத் தானே எழுதி, தானே வரைந்து, தானே அச்சுக்குக் கொடுத்து விற்கிறவள். மூன்றாம் பாகம் வந்ததிலிருந்து ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது.

"ஏய்!" முதலாளி மேஜைக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தார். "யார்கிட்ட என்ன பேச்சு பேசறே? விருது வாங்கின புஸ்தகம் அது! பேப்பர்ல என்ன போட்டிருக்கான்னு பாரு, சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன். 'காலத்தைக் கலைத்துப் போட்ட மேதை'!"

"கலைச்சுத்தான் போட்டிருக்காங்க, சீட்டுக்கட்டு மாதிரி."

வெடுக்கின் ஆத்திரம் சும்மா வந்ததில்லை. முதல் இரண்டு பாகத்தையும் அட்டை கிழியும்வரை படித்தவள் அவள். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டாதவளைச் சோறு தண்ணி மறந்து உட்கார வைத்த கதை. அது அச்சாகிற இடம் என்பதற்காகவே இங்கே வந்து வேலை கேட்டாள்.

சேர்ந்த சூட்டோடு மூன்றாம் பாகம் அச்சுக்கு வந்தது. மடித்த தாள்களைக் கட்டுக் கட்டாக நீள மேஜையில் வைத்து, சுற்றிச் சுற்றி நடந்து, ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றாக உருவி அடுக்கினாள். நின்று ஒரு படத்தைப் பார்க்க முதலாளி விடவில்லை. கை வேலை செய்யும்போது கண் கதை படிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். சுடச்சுட விற்றுத் தீர்ந்த புத்தகம் அவள் கையில் சிக்கியது நேற்றுதான்.

"சொல்லுங்கக்கா. லிஃப்ட் ரிப்பேர்க்காரன் குழிக்குள்ள விழுந்து சாகறான். நான் அழுதுட்டேன், பொய் சொல்லலை. பக்கத்தைத் திருப்பினா, ஐயா கண்ணாடி முன்னாடி நின்னு சவரம் பண்றாரு! நாய் வளந்து கிழடாகுது, அப்புறம் குட்டியாகுது. புருஷன் வேண்டாம்னு பொண்டாட்டி வீட்டையே காலி பண்ணிட்டுப் போறா. கொஞ்சம் தள்ளிப் பாத்தா, அதே வீட்டுல, அதே புருஷன்கிட்ட, குழாய் ஒழுகுதுன்னு சண்டை போடறா!"

அக்கா கையிலிருந்த பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள்.

முதலாளியின் முகம் மாறியது. "ஏம்மா, இவ சொல்றதைக் கேட்டா எனக்கே ஒரு மாதிரி இருக்கே. கட்டு ஏதாச்சும் முன்னபின்ன மாறிடுச்சா? மாறியிருந்தா சொல்லிடும்மா. அடுக்கின ஆளு இன்னியோட வீட்டுக்குப் போகலாம். போன ஆளையும் அதுக்குத்தான் துரத்தினேன்."

"அடுக்கினது நான்!" வெடுக் துள்ளினாள். "இவங்க கிறுக்கினதுக்கு என் தலையை உருட்டறீங்களா? படிப்பைத்தான் விட்டே, வேலையையும் விட்டுட்டு வந்தா வாசல்லயே நின்னுக்கோன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு. கேளுங்க, அவங்களையே கேளுங்க!"

அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள்.

"இல்லண்ணே. எதுவும் மாறலை. நான்தான் அப்படி வரைஞ்சேன்."

"பாத்தீங்களா! வேணும்னே பண்ணியிருக்காங்க!" வெடுக்கின் குரல் கூரையைத் தொட்டது. "படிக்கிறவங்க என்ன இளிச்சவாயங்களா? புரியலைன்னு சொன்னா எங்கே தன்னை முட்டாள்னு நினைச்சுடுவாங்களோன்னு ஆளாளுக்குக் கை தட்டிக்கிட்டு இருக்காங்க. விருது குடுத்த மேடையில, ஏன் இப்படி வரைஞ்சீங்கன்னு கேட்டாங்கல்ல? வீடியோல பாத்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னீங்க, ஒரு வார்த்தை வரலை. எப்படி வரும்? ஏமாத்து வேலைக்கா இது!"

"வாயை மூடு! மன்னிப்புக் கேளு!"

"மாட்டேன். நான் சொன்னதுல எது பொய்?"

"விடுங்கண்ணே," என்றாள் அக்கா. "ஊர்ல அதை ஒழுங்காப் படிச்சது இவ ஒருத்திதான்."

முதலாளி பேந்தப் பேந்த விழித்தார். அதற்குள் உள்ளே இயந்திரம் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. யாரோ கூப்பாடு போட, அவர் தலையில் அடித்துக்கொண்டே உள்ளே ஓடினார்.

அக்கா பொட்டலத்தை வெடுக் பக்கம் தள்ளினாள். "நாலாம் பாகம். நீதானே அடுக்கப்போறே? பிரிச்சுப் பாரு."

வேண்டாவெறுப்பாகப் பிரித்தாள். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும், படத்தில் பாதியை மறைக்கிற மாதிரி, கொட்டை கொட்டையாகப் பக்க எண்.

"இது என்ன கண்றாவி! முன்னாடி எந்தப் பாகத்துலயும் இப்படி இல்லையே? படமே கெட்டுப்போச்சு!"

"எண் போட்டா படம் கெட்டுடும்னு நானும் பிடிவாதமா போடாமத்தான் இருந்தேன். அதான், போன தடவை ரெண்டாவது கட்டுக்கு முன்னாடி நீ மூணாவது கட்டை வெச்சது உனக்கே தெரியலை."

வெடுக் வாயைத் திறந்தாள். அக்கா உள்கதவைப் பார்த்தபடி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"மெதுவாப் பேசுடி. முதலாளி காதுல விழுந்துடப் போகுது."