முனியாண்டி பார்த்துக்கொண்டார்

விடிகாலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் தோட்டத்துக் கணக்கர் கிராணி பசுபதி பேசி முடிப்பதற்குள் பழனியாண்டியின் வலது கை தானாக இடுப்பு வரை எழும்பிவிட்டது.

"அலோர் ஸ்டார் சர்க்கார் ஆபீஸ்ல முடிவாயிருச்சு. கள்ளுக்கடை மாதிரி கஞ்சாவுக்கும் சர்க்கார் கடை வரப்போவுது. செடி வளக்கத் தெரிஞ்சவன் கை தூக்குங்கடா! அவன் இனிமே ரப்பர் மரம் சீவ வேணாம், செடிக்குத் தண்ணி ஊத்துனா போதும்."

பக்கத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சிரித்துக்கொண்டு நின்றார். துரை சிரித்து அந்தத் தோட்டத்தில் எவனும் பார்த்ததில்லை.

பழனியாண்டி அதையெல்லாம் கவனிக்கவில்லை. புக்கிட் செலம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் கொஞ்ச காலமாகவே இந்தப் பேச்சு உலாவியது. முதலில் நம்பியவன் அவன்தான். கண்டவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி இப்போது இன்னும் கெட்டியாக நம்பினான். சீனனின் அபினுக்கு லைசன்ஸ் உண்டு. தமிழனின் கள்ளுக்கு லைசன்ஸ் உண்டு. பாவம், கஞ்சா மட்டும் என்ன குற்றம் செய்தது?

முனியாண்டி கல்லுக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்கு அவன் செடி நின்றது. படையலன்று சுருட்டோடும் கள்ளோடும் ஒரு சிட்டிகை சாமிக்கு. மீதியைச் சாமிக்குச் சிரமம் வைக்காமல் பழனியாண்டியே பார்த்துக்கொள்வான்.

கை தோள் வரை வந்தது.

அப்போதுதான் அவன் மனைவி நவமணி ஓடிவந்து பெண்கள் வரிசையில் நின்றாள். விடியுமுன் துரை பங்களாக் குசினிக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிறவள். இன்று மூச்சு வாங்கியது. சிவப்புச் சேலையின் முந்தானையை இழுத்து இழுத்துச் செருகினாள். புருசனின் கையைப் பார்த்ததும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

பொம்பளைக்குச் சர்க்கார் விவகாரம் என்ன தெரியும்?

தூக்கிவிட்டான்.

மொத்தக் களத்திலும் ஒற்றைக் கை.

துரையின் சிரிப்பு நின்றது. பங்களாவில் கோப்பி குடித்த தெம்போடு ஸ்டோருக்குப் பின்னாலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

"செடி எங்கடா?"

தூக்கிய கையை எப்படி இறக்குவதென்று பழனியாண்டிக்கு மறந்துபோயிருந்தது. அதுவே முனியாண்டி பக்கம் திரும்பி வழி காட்டியது.

முன்னால் நடந்தான்; துரையும் போலீஸ்காரர்களும் பின்னால் வந்தார்கள். அவன் ஜெயிலுக்குப் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். நவமணி எங்கே போவாள்? கையைத் தூக்கும்போது இது ஏன் தோன்றவில்லை?

கல்லுக்குப் பின்னால் செடி இல்லை.

மொட்டைக் குச்சி ஒன்று நின்றது. பக்கத்தில் படையலுக்கு நேர்ந்துவிட்ட கிடா. அதன் கடைவாயில் கடைசிக் கொழுந்து ஆடிக்கொண்டிருந்தது.

போலீஸ்காரர் ஒருவர் குனிந்தார்.

எவனைக் கண்டாலும் முட்டுகிற கிடா அவரை அன்பாகப் பார்த்தது. ஒரு மெல்லு. ஒரு விழுங்கு. பிறகு துரையின் பூட்ஸை நக்கிக் கொடுத்தது.

மொட்டைக் குச்சியைப் பார்த்து அது கஞ்சாவா கத்தரியா என்று எவன் சொல்ல முடியும்? துரை கிராணியை இங்கிலீஷில் திட்டிக்கொண்டே போனார். போலீஸ்காரர்களும் பின்னால் போனார்கள்.

பழனியாண்டி முனியாண்டி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கிடாவை ஏவிவிட்ட அப்பனே!

எழுந்திருக்கும்போதுதான் கிடாவின் கயிறு கண்ணில் பட்டது. செடி எட்டக் கூடாதென்று அவனே அளந்து கட்டிய கயிறு. இப்போது அதன் நடுவில் ஒரு முழம் சிவப்புச் சேலைத் துணியை முடிச்சுப் போட்டு நீட்டியிருந்தது.

தூரத்தில் நவமணி, மரப்பால் வாளியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பாராமல் மரம் சீவப் போய்க்கொண்டிருந்தாள்.