வெள்ளைத் தொப்பி

பாரிஸில் நூறாண்டாக நடக்கும் அந்தப் பந்தயத்தில் ஜெயித்த குதிரைகளின் பெயர்களையெல்லாம் வாசல் சுவரில் பித்தளையில் பதித்திருக்கிறார்கள். அவை ஜெயிப்பதற்காக முன்னால் ஓடிக் களைத்துப்போன குதிரைகளின் பெயர் எங்கும் இல்லை. இன்று அந்த வேலை, புதுச்சேரி அந்துவான் ஏறிய பெண்குதிரைக்கு. தொடக்கத்தில் வேகத்தைக் கூட்டிவிட்டு, கடைசித் திருப்பத்தில் அதே முதலாளியின் ஆண்குதிரைக்கு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பழுப்பு நிறம். சவாரிக்காரர்கள் இருவருக்கும் ஒரே பச்சைச் சட்டை. தொப்பி மட்டும் வேறு, இவனுக்கு வெள்ளை.

திருப்பத்தில் அவன் குதிரை களைக்கவே இல்லை. கடிவாளத்தை இழுத்துப் பிடித்துத்தான் அதைத் தோற்கடித்தான்; ஆண்குதிரை ஜெயித்தது.

பந்தயம் முடிந்ததும் குதிரை தானாகவே ஜெயித்தவர்கள் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தது. அதைப் பராமரிக்கும் காரைக்கால்காரன் லெயோன் ஓடி வந்தான்.

“அண்ணே, அங்க எங்க போறீங்க? நம்ம எடம் பின்னால.”

“நான் எங்கடா போறேன்? அதுவா போவுது.”

“திருப்புங்கண்ணே. பாக்குறாங்க.”

இன்னொரு தடவை கடிவாளத்தை இழுக்க அந்துவானுக்குக் கை எழவில்லை. முகத்தைத் துடைக்கத் தொப்பியைக் கழற்றினான். பச்சைச் சட்டையை மட்டும் பார்த்த வேலியோரக் கூட்டம், இவன்தான் ஜெயித்தவன் என்று நினைத்துக் கைதட்டியது. குதிரை கழுத்தை நிமிர்த்தியது. அதன் காதுகள் விறைத்து நின்றன.

“அண்ணே, தொப்பி! தொப்பியப் போடுங்க!”

அந்துவான் அதைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டான். கைதட்டல் ஓயும்வரை குதிரையின் காதுகளைப் பார்க்க அவனுக்கு முகமில்லை.