நாளை இடிபடும் கோயிலின் படம்

இருப்பதை இருக்கிறபடியே வரைந்தால்தான் ரேமண்ட் அங்கிளுக்குத் தூக்கம் வரும். ரயில்வே அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். போன மாதம் பக்கத்து வீட்டு ஆன்டியை மூக்கு மருவோடு வரைந்தார். அந்தம்மா இன்றுவரை பேசுவதில்லை. இன்று மலேசியாவின் கிள்ளான் ஆற்றங்கரை. மேகம் கறுத்துவிட்டது, நாணலுக்குள் தவளைகள் கத்துகின்றன. கலங்கிய தண்ணீரையும் அதில் மிதக்கும் பிளாஸ்டிக் மூடியையும் விடாமல் வரைகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் பூசாரி சபாபதி அரை மணி நேரமாக நிற்கிறார். நாளைக் காலை இடிக்கப்போகிற முனீஸ்வரர் கோயில், படத்தின் ஓரத்தில் இருட்டாகக் கிடக்கிறது. நேற்றுத்தான் சபாபதியே சாமியைக் கலசத்தில் இறக்கி, மகளுடைய ஃப்ளாட்டில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். "அங்கிள், உள்ள ஒரு வெளக்கு மட்டும் போட்டுடுங்களேன். கடைசிப் படம் லா." ரேமண்ட் தூரிகையை நிறுத்தவில்லை. "வெளக்கு எங்க எரியுது? சாமியே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சபாபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிக் கோயிலுக்கு நடக்கிறார். சாமி உள்ளே இருந்த காலத்திலேயே ஏழு மணி விளக்கை எட்டு மணிக்கு ஏற்றிய ஆள் என்பது கம்பத்து ஜனங்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போது வெறும் பீடத்தின் முன் குந்தி, நமுத்துப்போன தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக உரசுகிறார். நான்காவது குச்சி பிடிக்கிறது. திரியை இரண்டு கைகளாலும் காற்றிலிருந்து மறைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே கத்துகிறார்: "சீக்கிரம் வரைங்க அங்கிள், ரொம்ப நேரம் நிக்காது!"