பதினேழாவது கட்டம்

குடியேற்ற அலுவலகத்தில் நாலு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவார்கள். இப்போது மூன்று நாற்பது. மெக்கானிக்கின் பேனா படிவத்தின் பதினேழாவது கட்டத்தில் வந்து படுத்துவிட்டது.

முதல் பதினாறையும் அவன் ஊதித் தள்ளியிருந்தான். பிறந்த தேதி, அப்பா பெயர், ரத்த வகை, முழங்கைக்குக் கீழே இருக்கும் மச்சம் வரை எழுதியாயிற்று.

பதினேழு: 'அவசர நேரத்தில் தகவல் தெரிவிக்க, இந்த நாட்டிலேயே வசிக்கும் ஒருவர்.'

வேலை கொடுத்த கம்பெனியின் நம்பர் செல்லாதாம். யார் பெயரை எழுதுகிறோமோ அவருக்குக் கவுண்டரிலிருந்தே போன் போட்டு விசாரிப்பார்களாம். தெரியும் என்று அவர் சொன்னால் முத்திரை. தெரியாது என்றால் அடுத்த தேதி ஒன்றரை மாதம் கழித்து.

வேலையில் சேர வேண்டியது திங்கட்கிழமை. ஒன்றரை மாதம் பொறுக்க, வேலை கொடுத்த கிடங்கின் மேனேஜர் ஒன்றும் அவனுக்குப் பெண் கொடுத்த மாமனார் இல்லை.

வந்து இறங்கிப் பதினோரு நாள். இந்த நாட்டில் அவனுக்குத் தெரிந்த ஆசாமி ஒரே ஒருவர். கூட ஒரே அறையில் இருப்பவர். ஆறு வருஷமாக இங்கேயே கிடப்பவர்.

அவருக்கு 'சட்டம்' என்று இரண்டாம் நாளே பெயர் வைத்துவிட்டான். செருப்பு எந்தத் திசையைப் பார்த்துக் கிடக்க வேண்டும், குளிக்க எத்தனை நிமிஷம், தும்மலாமா கூடாதா, எல்லாவற்றுக்கும் சுவரில் நோட்டீஸ். ஃப்ரிட்ஜுக்குள் கறுப்பு டேப் ஒட்டி எல்லைக்கோடு. மேல்தட்டு அவருக்கு, கீழ்த்தட்டு இவனுக்கு.

அந்தக் கோடுதான் வினை. நேற்று இவனுடைய தயிர்க் கிண்ணம் இரண்டு விரல்கடை எல்லை தாண்டிவிட்டதாம். தூக்கி ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டார். தயிர் பொங்கிப் போனது.

ஐந்து வருஷம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்தவன் சும்மா இருப்பானா? தெர்மோஸ்டாட்டை ஒரு திருகு திருகினான். மேல்தட்டுக்குத்தான் குளிர் அதிகம். அது தொழில் ரகசியம். விடிந்தபோது சட்டத்தின் பன்னிரண்டு முட்டைகளும் கூழாங்கல்லாக உறைந்து, ஓடு வெடித்துக் கிடந்தன.

அவர் கத்தவில்லை. "இனிமே நீ யாரோ, நான் யாரோ," என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

மூன்று நாற்பத்தாறு. வேறு போக்கில்லை. அவர் பெயரையே எழுதினான். உறவுமுறை என்ற இடத்தில் 'நண்பர்' என்று எழுதக் கை கூசியது. 'அறைவாசி' என்று எழுதினான்.

கவுண்டர் அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

மணி அடித்தது. ஏழு தடவை.

எடுத்துவிட்டார். பின்னால் ஏதோ மெஷின் கரகரத்துக்கொண்டிருந்தது. அம்மாள் அந்த நாட்டு மொழியில் இவன் பெயரைச் சொல்லி, இவர் உங்களுக்கு யார் என்று கேட்டார்.

கரகரப்பு நின்றது. ஒரு டஜன் முட்டையை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் நேரம் ஆனது பதில் வர.

தம்பி, என்றார் சட்டம். அந்த நாட்டு மொழியிலேயே சொன்னார். பஸ்ஸில் காலை மிதித்தவனையும் தம்பி என்று கூப்பிடுகிற வாய், பழக்கதோஷம். சொன்ன கையோடு தமிழுக்குத் தாவினார்.

"டேய், வரும்போது முட்டை வாங்கிட்டு வா. பன்னண்டு. ஒண்ணு குறைஞ்சாலும் வாசல்லயே படுத்துக்க."

வைத்துவிட்டார். என்ன சொன்னார் என்று அம்மாள் கேட்டார். வாழ்த்துச் சொன்னார் என்றான் மெக்கானிக்.

அந்த நிம்மதி அரை நிமிஷம் தாங்கவில்லை. அந்த நாட்டில் தம்பி என்றால் கூடப் பிறந்தவன், அவ்வளவுதான். படிவத்தில் அறைவாசி, போனில் தம்பி. இரண்டில் ஒன்று பொய். பொய்த் தகவலுக்கென்று சிவப்பு முத்திரை ஒன்று தனியாக இருந்தது. அம்மாளின் கை அதை நோக்கிப் போனது.

மெக்கானிக் பாய்ந்து படிவத்தை இழுத்து, அறைவாசியை அடித்துவிட்டு 'அண்ணன்' என்று எழுதினான்.

இரண்டு பேருக்கும் அப்பா பெயர் வேறு வேறாக இருக்கிறதே என்றார் அம்மாள், திரையைப் பார்த்து.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அது போதுமானதாக இருந்தது. முன்பின் பார்த்திராத ஒரு தாயாரின் மானம் அந்தத் தலைக்குனிவில் கப்பலேறியது. எந்த வீட்டில்தான் இல்லை என்பதுபோல அம்மாளின் முகம் கனிந்தது. பச்சை முத்திரை விழுந்தது.

மூன்று ஐம்பத்தாறு. காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடப் பார்த்தான். அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

அண்ணன் என்று பதிந்தால் அண்ணனின் கோப்பும் தானாகத் திறந்துகொள்ளுமாம். அதில் ஒரு குறை நிற்கிறதாம். போன் போட்டு விசாரிக்கிற விதி வருவதற்கு முந்தைய கோப்பு. சரிசெய்யச் சொல்லி எத்தனையோ கடிதம் அனுப்பியும் ஒன்றுக்கும் பதில் இல்லையாம். சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டுகிற மனுஷன்! தம்பி கையெழுத்துப் போட்டாலே போதும் என்று சொல்லி, திரையை இவன் பக்கம் திருப்பினார்.

அதே பதினேழாவது கட்டம்.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சட்டத்தின் பெயர். நம்பர், சற்றுமுன் ஏழு தடவை மணி அடித்த அதே நம்பர். உறவுமுறை: 'நானே'.

ஆறு வருஷமாக, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவருக்கே போன் போட்டுச் சொல்வதாக ஏற்பாடு.

மெக்கானிக் பேனாவை எடுத்து, அம்மாள் நீட்டிய திருத்தத் தாளில் தன் பெயரை எழுதினான். போன் நம்பர் எழுதும்போது பழைய ஊர் நம்பர் பாதி வந்துவிட்டது. அடித்துவிட்டு, பதினோரு நாள் வயதான புது நம்பரை ஒவ்வோர் எண்ணாகப் பார்த்து எழுதினான்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து வெளியே போகும்முன், இந்தப் பக்கத்தில் முட்டைக் கடை எத்தனை மணிவரை இருக்கும் என்று அம்மாளிடம் கேட்டான்.