சிவப்பு வாளி

“இன்னைக்கும் விடியுமுன்ன வாளியை வெச்சுட்டா பாரு!”

கருத்தப்பாண்டி இதை யாரிடமும் சொல்லவில்லை. காற்றிடம் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த மாடத்தியோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் மில்லில் வாட்ச்மேனாக இருந்தபோது நூல் மூட்டை ஒன்று திருடுபோனது. “வாட்ச்மேன் தூங்குனா கள்ளன் என்ன செய்வான், பாவம்” என்று குழாயடியில் நாலு பேர் சிரிக்கச் சொன்னவள் அவள். அந்த வேலையும் போய், வயசும் போய்விட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் அவர் காதை விட்டுப் போகவில்லை.

ராஜபாளையத்தில் அவர்கள் குடியிருந்த வளவில் எட்டு வீடு, எல்லோருக்கும் பொதுவாக ரெண்டு கக்கூஸ். படியில் யார் வாளி இருக்கிறதோ, அவர்களுக்குத்தான் உள்ளே போக உரிமை. அது வளவு வழக்கம். மாடத்தி தன் சிவப்பு வாளியைக் கிழக்குக் கக்கூஸ் படியில் வைத்துவிட்டு, உள்ளேயும் போகாமல், எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். மற்றவர்கள் எல்லோரும் இன்னொரு கக்கூசுக்கு முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

“யக்கா, போனா போ, இல்லைன்னா வாளியை எடு” என்று பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்து கத்துவான்.

“எனக்கு வரும்போதுதாம்லே போவேன். ஒனக்கு அம்புட்டு அவசரம்னா கம்மாய்ப் பக்கம் போ.”

கருத்தப்பாண்டிக்கு ரத்தம் கொதிக்கும். அவர் வீட்டில் இருந்த அவசரம் அவருக்குத்தான் தெரியும்.

மகள் பரிபூரணத்துக்கு வயிற்றோட்டம் நிற்கவே இல்லை. ரத்தமும் சளியுமாகப் போனது. சூடு என்றார்கள். செய்வினை என்றார்கள். கடைசியில் மதுரை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்.

“பெருங்குடலுக்குள்ள புண்ணு. ஒட்டுற நோய் இல்லை. அடங்கும், திரும்பக் கிளம்பும். நல்லா இருக்கும்போதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. கல்யாணம், பிள்ளைகுட்டி எல்லாம் நடக்கும். ஆனா கிளம்பிடுச்சுன்னா ஒரு நிமிஷம் தாங்காது. கக்கூஸ் பக்கத்துலயே இருக்கணும்.”

கருத்தப்பாண்டி காதில் ‘கல்யாணம்’ மட்டும்தான் விழுந்தது. சேத்தூரிலிருந்து பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு பயலுக்கும் தெரியக் கூடாது” என்று மகளிடம் சத்தியம் வாங்கினார். உள்ளூர்க் கடையில் மாத்திரை கேட்டால் பேச்சு கிளம்பும் என்று, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வாங்கி வந்தார். அப்படியே பக்கத்துக் குன்றில் ஏறிப் பெருமாளுக்கு மொட்டையும் நேர்ந்துகொண்டார்.

காலையில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்க்க அவருக்கு மனசு கேட்காது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். டீக்கடையில் உட்காரவும் முடியாது. நடப்பார், திரும்புவார், மறுபடி நடப்பார்.

“இடம் கெடச்சுதாம்மா?” என்று திரும்பி வந்ததும் மகளிடம் கேட்பார்.

“கெடச்சுதுப்பா.”

ஒரு நாள்கூடத் தவறவில்லை.

“பெருமாள் விட்ட வழி” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை. இந்தப் பாழாய்ப்போன வாளியால் ஒரு நாள் மகளுக்கு இடம் கிடைக்காமல் போனால்? வளவுச் சொந்தக்காரர் சுப்புராஜைக் கையோடு அழைத்து வந்துவிட்டார்.

“நீங்களே கேளுங்க முதலாளி. ஒரு பொம்பளைக்கு ஒரு கக்கூஸ், மத்த வீட்டுக்கெல்லாம் ஒண்ணு. இது எந்த ஊரு நாயம்?”

வளவே ஆமாம் போட்டது.

“என்னம்மா மாடத்தி, பதில் சொல்லு” என்றார் சுப்புராஜ்.

பரிபூரணம் வாசலுக்கு வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாடத்தி கண்ணாலேயே அவளை அதட்டினாள்.

“எம் மகளை எதுக்கு முறைக்கா?” என்று கருத்தப்பாண்டி துள்ளினார்.

எவருக்கும் அடங்காத வாய் மாடத்தியுடையது. அன்று ஒரு சொல் பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

“இனிமே அந்த வாளியைப் படியில பார்த்தேன், தெருவுல எறிஞ்சிருவேன்” என்றார் சுப்புராஜ்.

மறுநாள் காலை, சிவப்பு வாளி இல்லாத படியைப் பார்க்கும் ஆசையில் கருத்தப்பாண்டி தெருவுக்குப் போகவில்லை.

ரெண்டு கதவும் சாத்தியிருந்தன. வெளியே வாளியும் கையுமாக வரிசை.

பரிபூரணம் ஓடி வந்தாள். பார்த்தாள். அப்படியே நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்தாள்.

‘எம் மகளைச் செத்த நேரம் முன்னால விடுங்க’ என்று கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே! கருத்தப்பாண்டி துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

“ஏலே பேச்சிமுத்து! ஒன் சைக்கிளைத் தூக்கிட்டு ஓடுதாம்லே ஒருத்தன்! பிடிலே!”

மாடத்தியின் குரல்தான்.

கிழக்குக் கதவு படாரென்று திறந்தது. பேச்சிமுத்து இடுப்பிலிருந்து நழுவிய சாரத்தைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தான். வரிசை மொத்தமும் அவன் பின்னால் ஓடியது. பழைய வாட்ச்மேன் அல்லவா, கருத்தப்பாண்டியும் ஓடினார்.

தெருவில், சைக்கிள் சாய்த்த சுவரில் சாய்த்தபடியே இருந்தது.

“காலங்காத்தால கூத்து காட்டுதியா? ஒனக்குக் கூறு கெட்டுப்போச்சா?” வளவே அவளை வறுத்தெடுத்தது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

கருத்தப்பாண்டி மூச்சிரைக்கத் திரும்பியபோது, கிழக்குக் கக்கூசிலிருந்து பரிபூரணம் வெளியே வந்தாள். வேர்த்திருந்தது. சேலையில் கறை இல்லை.

“பாத்தியாம்மா, இன்னைக்கும் பெருமாள்தான் வழி விட்டாரு” என்றார் மெதுவாக.

பரிபூரணம் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் அழுததைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டாகளாம் மாடத்தி அத்தை. மறுநாள்லேருந்து எனக்குன்னுதான் இடம் பிடிச்சு வெச்சாக. நான் போயிட்டு வந்த பொறவுதான் வாளியை எடுப்பாக. ஒங்களுக்குத் தெரிஞ்சா அந்த வீம்புல என்னைய அந்தப் பக்கமே விடமாட்டீகன்னு, என்னையும் பேச விடல.”

கருத்தப்பாண்டியின் கை கன்னத்துக்குப் பாதி வழியில் நின்றது.

“பெருமாளுக்கு ஏதுப்பா செவப்பு வாளி?”